பச்சை ஒயர்

அக்டோபர் 9, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. என் மனைவி பிளாரன்ஸ் பக்கத்து வீட்டில் இரண்டு குடம் வாங்கிச் சமாளித்தாள். சுகர் மாத்திரை இன்றோடு தீர்ந்தது.

பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெனோவா. முப்பத்தெட்டு வயது இருக்கும். பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவுக்கு வாடகைக்கு விடுகிற சின்ன ஹால் ஒன்றை நடத்துகிறாளாம். கையில் பழைய துண்டில் சுற்றிய சர்க்யூட் போர்டு. துறைமுக ரோட்டில் கப்பல்காரர்கள் வந்துபோன பழைய கிளப்பை இடிக்கிறார்கள். அங்கே குடோனில் கிடந்த பின்பால் மெஷினை இரும்புக்கடைக்காரரிடம் வாங்கி ஹாலில் வைத்திருக்கிறாள். சாய்வான மேசை, மேலே கண்ணாடி, உள்ளே ஓடுகிற இரும்புக் குண்டு, பொத்தானை அமுக்கினால் குண்டைத் தட்டிவிடும் இரண்டு மட்டை. எங்கள் ஊரில் குண்டு மெஷின் என்றுதான் சொல்வோம். இந்தப் போர்டையெல்லாம் தெரிந்தவர் ஊரில் நீங்கள் ஒருவர்தான் என்று மூன்று கடையில் சொன்னார்களாம்.

முடியாது என்றேன். கண் சரியில்லை, கடையை மூடி எட்டு வருஷம் ஆகிறது, திருநெல்வேலியில் யாரையாவது பார் என்றேன். அவள் எழுந்துவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"எங்கப்பா அந்த மெஷின்ல ஆடுறதுல கெட்டிக்காரராம் அங்கிள். கஸ்பார்னு பேரு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரே தெருவுல இருந்தோம்னு அம்மா சொன்னாவ."

போர்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

மாத்திரை வாங்கினேன். கொசுவலையில் இருந்த ஓட்டையைத் தைத்தேன். போர்டைத் தொடவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

ஜெனோவா வந்து நாள் முழுக்க இருந்தாள். நோட்டு, பேனா, ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு சாமானையும் நான் காட்ட, அவள் போட்டோ எடுத்துப் பெயர் எழுதி ஒட்டினாள். இனிமேல் ரிப்பேர் ஆனால் தானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மெஷினின் மூளையான போர்டு இது. மூலையில் இருந்த பேட்டரி ஒழுகி, சுற்றிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, செம்புக் கோடுகளைத் தின்றிருந்தது. வினிகரால் கழுவி, தண்ணீரில் அலசி, வெயிலில் வைத்தோம். பிறகு பாடம். வளையம் வளையமாக நிறம் இருந்தால் ரெசிஸ்டர். நிறத்தைப் படித்தால் எண் வரும். ஒரு முனையில் மட்டும் கோடு இருந்தால் டயோடு. கோடு எந்தப் பக்கம் என்பதை மாற்றிவிடக் கூடாது. மூன்று கால், முதுகில் தகடு என்றால் டிரான்சிஸ்டர். மட்டையை அடிக்க வைப்பது அதுதான். நான் கண்டென்சர் என்றால் அவள் கெப்பாசிட்டர் என்று எழுதுகிறாள். இரண்டும் ஒன்றுதான்.

எழுத்து அழிந்துபோயிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும், படம் இருந்தால் படத்தைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் போடாமல் விட்டுவிட வேண்டும், ஒருபோதும் குத்துமதிப்பாகப் போடக் கூடாது என்றேன். அதைச் சொல்லி முடித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். என்ன ஆச்சு என்று கேட்டாள். சுகர் என்றேன்.

மத்தியானம் சாப்பிடும்போது அப்பாவைப் பற்றிச் சொன்னாள். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது கஸ்பார் கிளப்பில் குடித்துவிட்டுச் சுவரில் இருந்த மெயின் பெட்டிக்குள் கையை விட்டுச் செத்துப்போனான். அதற்கு எட்டு மாதம் முன்னால்தான், இனிமேல் தொடமாட்டேன் என்று இவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணியிருந்தான். அம்மா பிரகாசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணப்பாட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்தியதில்லை.

கஸ்பாரை எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

அக்டோபர் 14, சனி

மழை. மேற்குச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது.

அக்டோபர் 17, செவ்வாய்

இரண்டாவது, மூன்றாவது போர்டும் வந்துவிட்டன. ஐந்து டிரான்சிஸ்டரும் ஒரு பெரிய நீலக் கண்டென்சரும் மாற்றினேன். கை நன்றாகவே வருகிறது. ஈயம் சொன்ன இடத்தில் உருகிச் சொன்ன இடத்தில் நிற்கிறது.

ஹாலுக்கு வந்து மெஷினை ஒரு தடவை பாருங்கள் என்று ஜெனோவா கூப்பிட்டாள். மூட்டு வலி, அவ்வளவு தூரம் வர முடியாது, வேண்டியதை இங்கே கொண்டுவா என்றேன். பிளாரன்ஸ் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நேற்றுத்தான் அவளோடு மாதா கோவிலுக்கு நடந்து போய் நடந்து வந்தேன்.

பின்மதியம் கொஞ்சம் கண் அசந்தேன். மெஷினின் மணிச் சத்தம் கேட்டு எழுந்தேன். குண்டு பட்டால் அடிக்கிற மணி, தொடர்ந்து ஐந்து தடவை. மெஷின் இரண்டு மைல் தள்ளி இருக்கிறது. போர்டுகள் மேசைமேல் துண்டுக்குள் இருந்தன. வாசல் சிமெண்டுத் தரையில் ஈரமாக இரண்டு வெறுங்கால் தடம். பால்காரம்மாவாக இருக்கும் என்றாள் பிளாரன்ஸ். பால்காரம்மா செருப்புப் போட்டுத்தான் வருவாள்.

கஸ்பார் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஆடுவான். கால் தரையில் பட்டால்தான் கை கேட்கும் என்பான்.

அக்டோபர் 20, வெள்ளி

எல்லாப் போர்டையும் ஜெனோவா எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் பிளாரன்ஸ் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். மெஷினின் அடிப்பலகை, கரண்டு ஒயர் உள்ளே நுழைகிற இடம். இரண்டு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். ஒன்றில், கட்டைவிரல் நகம் அளவு பழுப்புக் கண்டென்சர், எழுத்து தேய்ந்தது. இன்னொன்றில் ஒரு பச்சை ஒயர். பாதியில் அறுந்து, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

போன் பண்ணினாள். இந்த ஒயர் ஏன் அறுந்திருக்கிறது என்று கேட்டாள்.

எலி கடித்திருக்கும், அது இல்லாவிட்டாலும் மெஷின் ஓடும் என்றேன்.

எலி கடித்தால் டேப் சுற்றாது. அவளுக்கு அது தோன்றவில்லை.

அக்டோபர் 21, சனி

அந்தக் காலத்தில் கிளப்பில் இருந்த மெஷின், ரேடியோ, மைக் செட் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவன் நான்தான். இதை ஜெனோவாவிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

எண்பத்தெட்டு டிசம்பர். மெஷின் ஓடும்போது மேனேஜர் அறை ரேடியோவில் கரகரவென்று சத்தம் வந்தது. அதைத் தடுக்கத்தான் கரண்டு ஒயருக்கும் மெஷினின் இரும்புக்கும் நடுவில் ஒரு கண்டென்சர் இருக்கும். பழையது கெட்டுவிட்டது. நான் பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கியதைப் போட்டேன். அதே அளவு, அதே பழுப்பு. எவ்வளவு வோல்ட் தாங்கும் என்கிற எண் தேய்ந்திருந்தது. ஆயிரம் என்று படித்தேன். ஒரு சுழி என் கண்ணே போட்டுக்கொண்டதோ என்னவோ. அது நூறு.

இரண்டு நாள் ஓடியது. பத்தொன்பதாம் தேதி ஃபியூஸ் போக ஆரம்பித்தது. மாற்றினால் மறுபடி போகும். சாயங்காலம் கப்பல்காரர்கள் வருகிறார்கள், கிறிஸ்துமஸ் பார்ட்டி, மெஷின் ஓடியே ஆக வேண்டும் என்று மேனேஜர் தலைமேல் நின்றார். பச்சை எர்த் ஒயரைக் கழற்றிப் பார்த்தேன். ஃபியூஸ் நின்றது. மாட்டினேன், போனது. அந்தப் பச்சை ஒயர் எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? இரும்பில் கரண்டு கசிந்தால் அதைப் பூமிக்குக் கொண்டுபோய் ஃபியூஸைப் போகவைக்கும். ஃபியூஸ் போனால் மனிதன் பிழைப்பான்.

ஒயரை அறுத்து டேப் சுற்றினேன். மூன்று மணிக்கு மெஷின் ஓடியது. மீதியை எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 23, திங்கள்

இதைச் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுதுகிறேன். சட்டை இன்னும் ஈரம்.

மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது பிளாரன்ஸ் சொன்னாள், ஜெனோவா போன் பண்ணியிருந்தாள், இன்று நாலு மணிக்கு ஏதோ பிள்ளையின் பிறந்தநாள், அதற்கு முன்னால் முதல் தடவையாக மெஷினை ஓடவிடுகிறாள், உங்களையும் வரச் சொன்னாள் என்று. எப்போது சொன்னாள் என்று கேட்டேன். காலையிலேயே. போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எச்சில் கையோடு தெருவுக்கு வந்து ஆட்டோவை நிறுத்தினேன். மழை கொட்டியது. ரயில்வே கேட்டில் ஏழு நிமிடம் நின்றோம். ஆட்டோக்காரர் என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சத்தமாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹால் வாசலில் செருப்புகள். உள்ளே ஒரு அம்மா தரையைத் துடைத்து முடித்திருந்தார். ஜெனோவா வெறுங்காலோடு மெஷின் முன்னால் நின்றாள். ஒரு கையில் துணி, மெஷினின் இரும்பு விளிம்பைத் துடைக்கிறாள். இன்னொரு கை சுவரில் சுவிட்சுக்கு நீண்டிருந்தது.

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பிளக்கை நான் பிடுங்கியதும் அவள் பின்வாங்கியதும்தான் நினைவிருக்கிறது.

ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு அவளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். பிளக்கை மாட்டி, சுவிட்சைப் போட்டு, மெஷின்மேல் கிடந்த அவளுடைய டெஸ்டரை இரும்பு விளிம்பில் வைத்தேன். டெஸ்டர் எரிந்தது. சுவிட்சை அணைத்தேன். அவள் டெஸ்டரையும் என்னையும் பார்த்தாள்.

"எலியா அங்கிள்?"

"எலி இல்ல. நான்."

சொன்னேன். கண்டென்சர், ஃபியூஸ், பச்சை ஒயர். கப்பல்காரர்கள் எல்லாரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள், இரண்டு மணி நேரம் ஆடியும் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் போன பிறகு கஸ்பார் செருப்பைக் கழற்றிப்போட்டு, மழைத் தண்ணீர் கிடந்த தரையில் நின்று இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தான். நான் அப்போது அங்கே இல்லை. வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மெஷினைத் தள்ளிக்கொண்டுபோய்க் குடோனில் போட்டுவிட்டார்கள்.

"அப்பா செவுத்துல இருந்த பெட்டியிலதான கைய வச்சாவ?"

ஸ்டேஷனில் அப்படிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தான் என்றேன்.

"குடிச்சிருந்தாவளா?"

"இல்லம்மா."

பலூன் பிடித்த பிள்ளைகள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கீழே விழுந்திருந்த துணியை எடுத்து மடித்தாள்.

"எங்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? அம்மாட்ட போய்ச் சொல்லுங்க," என்றாள்.

அக்டோபர் 25, புதன்

ஜெனோவா போன் பண்ணினாள். கும்பிடு, விசாரிப்பு ஒன்றுமில்லை. எதைக் கழற்ற வேண்டும், புதிதாக எதைப் போட வேண்டும், சொல்லுங்கள் என்றாள். நான் வருகிறேன் என்றேன். நீங்கள் வர வேண்டாம், போனில் சொன்னால் போதும் என்றாள்.

கரண்டு லைனுக்கென்றே செய்த கண்டென்சர் என்ன, மேலே என்ன எழுதியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கடையில் வாங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை வாசிக்க வைத்தேன். பச்சை ஒயரைப் புதிதாகவே போடச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் டெஸ்டர் எரியவில்லை என்றாள். எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொல் என்றேன். பக்கத்திலேயேதான் இருக்கிறார் என்றாள். என்னை நம்பவில்லை. நல்லது.

அக்டோபர் 26, வியாழன்

மீதியையும் எழுதிவிடுகிறேன்.

கப்பல்காரர்கள் கிளம்பியதும், மெஷினை ஓடவைத்ததற்கு மேனேஜர் எனக்கு ஒரு வெளிநாட்டு பாட்டில் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நேரே கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். அன்று குடித்தது நான். திரும்பி வரும்போது கிளப் வாசலில் கூட்டம். கஸ்பார் கீழே கிடந்தான். மேனேஜர் என்னை உள்ளே இழுத்து, மெஷின் என்று வெளியே தெரிந்தால் நீ உள்ளே போவாய், நானும் போவேன் என்றார். ஸ்டேஷனில் எழுதிய காகிதத்தில் என்ன இருந்தது என்று சரியாகப் படிக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிவந்தேன். படிக்க வேண்டிய தேவையில்லை. சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள். குடித்திருந்தான், வாடை அடித்தது என்று சொன்னது நான். என் வாய் நாற்றத்தை அவன்மேல் போட்டேன்.

அக்டோபர் 28, சனி

பிளாரன்ஸிடம் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு வாடையடிச்ச ஒங்க சட்டைய தொவச்சது நாந்தான," என்றாள்.

அவளும் இத்தனை நாள் சுமந்திருக்கிறாள். நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

பிரகாசி வீட்டுத் தெரு முனைவரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 1, புதன்

காலைப் பூசை முடிந்ததும் போனேன். நாளை கல்லறைத் திருநாள். தெருவெல்லாம் பூக்காரர்கள்.

பிரகாசி கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஜெனோவா கதவைத் திறந்துவிட்டு அம்மாவின் பின்னால் போய் நின்றாள். ஒன்றும் சொல்லி வைத்திருக்கவில்லை என்று பிரகாசியின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. வாங்கண்ணே, பிளாரன்ஸ் மைனி சௌக்கியமா என்று கேட்டாள். உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னேன். சுருக்காமல், முதலிலிருந்து. கண்டென்சர் என்றால் அவளுக்கு விளங்காது. பார்க்க ஒன்றுபோல இருந்த தப்பான சாமானைப் போட்டேன், அது தப்பு என்று காட்டிக்கொடுத்த ஒயரை அறுத்தேன் என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டதையும் பாட்டிலையும் சொன்னேன்.

கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கொலைகாரா என்பாள் என்று காத்திருந்தேன்.

"அப்போ அவரு குடிக்கலையா?"

"இல்ல தங்கச்சி."

"ஒரு மடக்கு கூட?"

"இல்ல. கப்பல்காரங்க ஊத்திக் குடுத்தாங்க. வேண்டாம்னுட்டான். நான் பார்த்தேன்."

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். சவப்பெட்டியில் வைக்கும்போது எல்லாரும் முகத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், நான் தொடவில்லை என்றாள். சத்தியத்தைத் தின்றுவிட்டுப் போனவன் முகத்தைத் தொடமாட்டேன் என்று சொன்னாளாம். அதைச் சொல்லும்போது அழவில்லை. ஜெனோவாதான் அழுதாள்.

பிறகு ஜெனோவாவிடம் காகிதம் கேட்டாள். அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அன்றைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டதுபோல இன்றைக்கு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள் பிரகாசி. நாளை கல்லறையில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பு முடிந்ததும் கஸ்பாரின் அண்ணன் தம்பி, தெருக்காரர்கள் எல்லார் முன்னாலும் நீங்களே நின்று வாசிக்க வேண்டும். அதற்கப்புறம் ஸ்டேஷனுக்குப் போவதா வேண்டாமா என்று என் மகள் முடிவு பண்ணுவாள். இந்த வீட்டுக்கு இனிமேல் வராதீர்கள். எல்லாவற்றையும் குரல் உயர்த்தாமல் சொன்னாள். சரி என்றேன். ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"ஒங்கள்ட்ட கடைசியா என்னமும் சொன்னாரா?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை. பாட்டிலோடு நான் கிளம்பும்போது கஸ்பார் எதிரே வந்தான். வீட்டுக்குத்தானே போகிறாய், வழியில் பிரகாசியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று என்னிடம் ஒன்று சொல்லி அனுப்பினான். நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் போயிருந்தால் அவள், இந்த மழையில் என்ன ஆட்டம் என்று ஆள் விட்டுக் கூப்பிட்டிருப்பாள். அப்படிக் கூப்பிடுகிறவள்தான்.

அதைச் சொன்னேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க வந்து சொல்லலையே."

"இல்ல."

"இப்ப சொல்லுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் காத்திருந்தாள். நான் மறுபடி ஒரு படி ஏறி, அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றேன்.

"தங்கச்சி, கஸ்பார் ஒரேயொரு ஆட்டம் ஆடிட்டு வந்துருவானாம். பிள்ளைய தூங்க வச்சிராம இருக்கச் சொன்னான்."

பிரகாசி என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.